சுண்ணாம்பில் நனைத்த வெள்ளரி விதை

சீனியம்மாளுக்கு வீரபாண்டியிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதை ஆட்டிடம் சொல்லுவாள். வீரபாண்டிக்குத் திருப்பிச் சொல்ல ஆடு கிடையாது. அதனால் பெண்டாட்டி மாயம்மாளிடம் சொல்லுவான்.

மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் ஒரு பழைய ஓட்டு வீடு. நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தது. தெற்குப் பாதியில் வீரபாண்டியும் மாயம்மாளும். வடக்குப் பாதியில் செத்துப்போன அண்ணன் சங்கரலிங்கத்தின் பெண்டாட்டி சீனியம்மாள், கூட அவளுடைய இரண்டு ஆடு. பலகை கூரை வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். வீரபாண்டி மகளின் நிச்சயதார்த்தத்தன்று தட்டில் வைத்திருந்த வெற்றிலையை மதினியின் ஆடு வந்து தின்றுவிட்டுப் போனது. அன்றைக்கு இரண்டு பேரும் வாய் கிழியப் பேசினார்கள், அதோடு பேச்சு நின்றது. கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது. மகள் தூத்துக்குடியில் நல்லபடியாகத்தான் இருக்கிறாள். அதனால் என்ன? தின்றது தின்றதுதான்.

இத்தனை பகைக்கும் நடுவில் வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம் கிடந்தது. வீரபாண்டிக்கு அது வேண்டும். முப்பது வருஷமாக அவன் சுக்குக் கிடங்கில் வேலை. இஞ்சியைச் சுரண்டி, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, களத்தில் காயப்போட்டு, மறுபடி முக்கி, மறுபடி காயப்போட்டு மூட்டை கட்டுகிற வரைக்கும் மேற்பார்வை அவன். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு எட்டு நடந்தால் இளைப்பு. இந்த முற்றம் கையில் வந்தால் சொந்தமாகக் கொஞ்சம் இஞ்சி வாங்கிக் காயப்போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கலாம், அடைத்துக் கிடக்கிற கிடங்குக்குள் போய் இருமிச் சாக வேண்டாம். சீனியம்மாளுக்கும் அது வேண்டும். தெருவில் ஆட்டைக் கட்டினால் முனிசிபாலிட்டி ஆள் பிடித்துக்கொண்டு போகிறான். இவன் பாயை விரித்தால் அவள் ஆட்டைக் கட்டுவாள். அவள் ஆட்டைக் கட்டினால் இவன் கயிற்றை அவிழ்த்துவிடுவான்.

வீட்டுச் சொந்தக்காரர் கம்மத்துக்குச் செரளாயியில் கடை. இரண்டு பேரும் மாறி மாறிப் போய்ப் புகார் சொன்னதில் மனுஷனுக்குச் சலித்துப்போய்விட்டது. கார்த்திகை மாசம் ஒருநாள் இருவரையும் கடை வாசலில் நிற்க வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"சித்திரை விஷுவுக்குக் கணி வைக்க அந்த முற்றத்து மண்ணுல காய்ச்ச வெள்ளரிக்கா ஒண்ணு யார் கொண்டுவராங்களோ, முற்றம் அவங்களுக்கு. யாரும் கொண்டுவரலைன்னா பக்கத்துச் சாக்குக்காரருக்குக் கொடுத்திடுவேன். அவரு ரொம்ப நாளாக் கேக்கறாரு."

சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று வீரபாண்டிக்கு வீட்டுக்கு வந்ததும் புரிந்தது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி வந்து வீட்டு வாசலில் நிற்கும். வேலியேற்றம் என்பார்கள். தை மாசம் பாதி தாண்டும் வரை ஏறுவதும் இறங்குவதுமாகக் கிடக்கும். இறங்கின இடத்தில் உப்புப் பூத்திருக்கும். அதில் புல்லே முளைக்காது, வெள்ளரி எங்கே முளைக்கும்? தண்ணீர் வடிந்தபிறகு விதை போட்டால் விஷுவுக்குள் காய் மஞ்சளாகாது. அந்த மனுஷன் இல்லை என்று சொல்ல வாய் வராமல் வெள்ளரிக்காய் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரே வழி, தண்ணீர் வடிவதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே விதையை முளைக்கப்போட்டு, நாற்றாக்கி, பிறகு வெளியே நடுவது. இதைச் சாயாக் கடையில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வீரபாண்டி பிறந்ததிலிருந்து ஒரு கீரைத்தண்டு நட்டதில்லை, ஆனாலும் அவர்கள் சொன்ன எதையும் அவன் நம்பவில்லை. ஒருத்தன் சாணிப்பாலில் ஊறவை என்றான். இன்னொருத்தன் ஈரத்துணியில் கட்டி அரிசிப் பானைக்குள் வை என்றான். மூன்றாவது ஆள் ஆட்டுப்பாலில் ஊறவைக்கச் சொன்னான். ஆட்டுப்பாலுக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று வீரபாண்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சாயாவைக் குடித்தான்.

பொட்டலத்தில் வருகிற விதையும் வேண்டாம் என்று முடிவு செய்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கண்டது? படகேறி எறணாகுளம் போய், பிராட்வேயில் பழுத்த கணி வெள்ளரிக்காய் ஒன்றை முகர்ந்து, தட்டி, கடைக்காரனைத் திட்டி வாங்கிவந்தான். நறுக்கி, நடுப்பகுதியில் இருந்த பெருத்த விதைகளை மட்டும் எடுத்துக்கொண்டான். இரண்டு முனையிலும் இருந்தது சொத்தை என்று சதையோடு மாயம்மாளிடம் தள்ளிவிட்டான்.

விதையை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. முப்பது வருஷம் செய்த வேலை. கிடங்குக் களத்தில் சிமிண்டுத் தரையில் பரப்பி, கையில் எடுத்துக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் வருகிற வரைக்கும் காயவைத்தான். பூச்சி அண்டாமல் இருக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கினான். காயவைத்தான். மறுபடி முக்கினான். வெள்ளை வெளேரென்று ஆனது. அப்படி ஒரு விதையை மட்டாஞ்சேரியில் எவனும் பார்த்திருக்க மாட்டான். தேங்காய்ச் சிரட்டைகளில் நல்ல மண்ணை நிரப்பி, சிரட்டைக்கு இரண்டு விதையாகப் புதைத்து, எறும்பு வராமல் மேலேயும் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பைத் தூவிவைத்தான்.

மார்கழி பிறந்தது. சிரட்டையில் மண் அப்படியே இருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கமும் சிரட்டைகள் வரிசையாக இருந்தன. பலகை இடுக்கில் கண்ணை வைத்து வீரபாண்டி பார்த்திருந்தான். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. வெயில் காலத்தில் அந்த வெளிச்சம் இவன் பக்கம் விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வெளிச்சம் பலகையைத் தாண்டி அவள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வெளிச்சத்தில் அவள் சிரட்டைகளில் பச்சையாக ஏதோ தலை நீட்டியிருந்தது. இவனுக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குழாயடிக்குப் போன நேரம் கூரையேறிக் கண்ணாடி ஓட்டை எடுத்துத் தன் பக்கம் மாற்றிப்போட்டான். இறங்கி வந்து இளைப்பு ஆறுவதற்கே அரை நாள் ஆனது. மறுநாள் வேலை முடிந்து வந்தால் ஓடு பழைய இடத்திலேயே இருந்தது. யார் ஏறியது என்று மாயம்மாளைக் கேட்டான். அவள் தெரியாது என்றாள். மதினியின் சேலையில் ஓட்டுப் பாசி ஒட்டியிருந்ததை அவனே பார்த்தான்.

அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது. நான் கிடங்குக்குப் போனபிறகு பலகைக்கு மேலே எக்கி உப்புத் தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றியிருக்கிறாள், இல்லாவிட்டால் ஒன்றுகூட முளைக்காமல் இருக்குமா என்று மாயம்மாளிடம், பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். மாயம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் சீனியம்மாள் தன் கறுப்பு ஆட்டைக் கூப்பிட்டாள்.

"ஏ கருப்பி, இந்தக் கூத்தைக் கேட்டியா? வெத்தல போடவா வெதைக்கிச் சுண்ணாம்பு தடவுனாக? வெத்தலைதான் அன்னைக்கே நீ தின்னுட்டியே."

வீரபாண்டி காறித் துப்பினான். அவள் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு தூவினான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கிடங்கில் ஒரு சண்டை. புதிதாகச் சேர்ந்த தொழிலாளி ஒருத்தன் சோம்பல்பட்டு ஒரு குவியலைச் சுண்ணாம்பில் முக்காமல் ஈரத்தோடு மூலையில் போட்டுவிட்டான். வீரபாண்டி காலால் கிளறினால் இஞ்சிக்கெல்லாம் பச்சை மூக்கு. வந்ததே கோபம்.

"சுண்ணாம்புல முக்கலன்னா மொளைக்கத்தாண்டா செய்யும். முக்கிக் காயப்போட்டாத்தான் உசுரு அடங்கும். இதுகூடவா தெரியாது, மடையா?"

சொன்னவன் அப்படியே நின்றான். திட்டு வாங்கினவன் மேற்கொண்டு என்ன வரும் என்று பார்த்தான். முப்பது வருஷமாக அவன் கற்றுவைத்திருந்ததெல்லாம் முளைக்கவிடாமல் செய்கிற வேலை. அதே கையால் விதை போட்டிருக்கிறான். அவனால் பொறுக்க முடியாதது அது இல்லை. அவள் அதை முதலிலேயே சொல்லிவிட்டாள் என்பதுதான்.

வேறு விதை போட நாள் இல்லை. தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. அவள் சிரட்டைகளில் மூன்றாவது இலையும் விரிந்தாயிற்று. வீரபாண்டி யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் பொம்பளைகள் எல்லாம் குழாயடியில் வரிசை நிற்கிற நேரம், கிடங்குக்குப் போகிறவன் போலப் புறப்பட்டு, சுற்றிவந்து அவள் பக்கத்துக் கதவின் சங்கிலியை எடுத்தான். உள்ளே ஆட்டு வாடை. வெளிச்சத்துக்குக் கீழே சிரட்டைகள். குட்டையாக, தண்டு தடித்து, ரோமம் விட்டு நின்றன நாற்றுகள். நல்லதாக இருந்ததை எடுத்தால் தெரிந்துவிடும். நடுவில் ஒன்றை எடுத்து, மற்றதை நெருக்கி வைத்தான். கருப்பி பார்த்துக்கொண்டிருந்தது. கத்தவில்லை.

சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம் குரல் வந்தது.

"நீ வெத்தல மட்டுந்தான் திம்பன்னு நெனச்சேன் கருப்பி. இப்ப சிரட்டையோடயா திங்க?"

மாயம்மாள் புருஷனைப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே ஈரச்சாக்குக்குப் பின்னால் இருந்ததையும் பார்த்தாள். அதற்குப்பிறகுதான் அவள் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்குச் சொத்தை என்று தள்ளிவிட்ட வெள்ளரி முனைகளை ஆட்டுக்குப் போடச் சொல்லி மதினியிடம் அவள்தான் கொடுத்தாள். ஆட்டுக்குப் போடுவதற்கு முன்னால் மதினி அதிலிருந்த விதையைக் கழுவி எடுத்துக்கொண்டாள். ஈரத்துணியில் கட்டி அரிசிப் பானையில் வைத்தாளாம். அப்படியென்றால் நீ அவளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று வீரபாண்டி பெண்டாட்டியின்மேல் பாய்ந்தான். இத்தனை வருஷமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு வீரபாண்டிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. விதை நம்முடையது. நம்முடைய விதையை நாம் எடுத்துவந்ததில் என்ன களவு?

தண்ணீர் முழுக்க வடிந்ததும் முற்றத்தில் உப்பு மண்ணுக்கு மேலே, வெளியிலிருந்து சாக்கில் சுமந்துவந்த மண்ணைக் கொட்டித் திட்டுக் கட்டினான். வெயிலில் நின்று பழகட்டும் என்று நாற்றை முதலில் காலை வெயிலில் மட்டும் வைத்து எடுத்தான். இது அவனாகக் கண்டுபிடித்தது இல்லை. அவள் செய்வதைப் பலகை இடுக்கில் பார்த்துச் செய்தது. நடும்போதுதான் சிரட்டையின் அடியைப் பார்த்தான். ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டிருந்தாள். தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு. அவனுடைய சிரட்டைகளில் ஓட்டையே கிடையாது. சுண்ணாம்பு இல்லாமல் போட்டிருந்தாலும் அதில் அழுகித்தான் போயிருக்கும். அந்த ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து நின்றது. இழுத்தால் அறுந்துவிடும். உடைத்தாலும் அறுந்துவிடும். சிரட்டையோடேயே புதைத்தான்.

சீனியம்மாள் வடக்கு ஓரத்தில் தன் நாற்றுகளை நட்டாள். வீரபாண்டி தன் ஒரே செடியைச் சுற்றி மூங்கில் பிளாச்சு நட்டுச் சாக்கைக் கட்டி வேலி போட்டான். அவளிடம் ஆடும் இருந்தது, செடியும் இருந்தது, வேலி இல்லை. கயிறு இருக்கிறதே என்ற நினைப்பு. உப்புத் தண்ணீரில் ஊறிக்கிடந்த கயிறு அது. ஒரு மத்தியானம் அவள் வெளியே போயிருந்தபோது அறுந்தது. வீரபாண்டி இளைப்பு அதிகமாகி வீட்டில் இருந்த நாள். பின்வாசலில் நின்று பார்த்தான். கருப்பி முதல் செடியை முகர்ந்தது. நிதானமாக ஆரம்பித்தது. சூ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவன் கதவில் சாய்ந்துகொண்டு கடைசிச் செடி வரைக்கும் பார்த்தான்.

சீனியம்மாள் வந்து மொட்டைக் காம்புகளைப் பார்த்தாள். ஆட்டை அடிக்கவில்லை. அதனிடம் ஒன்றும் பேசவுமில்லை. சாக்கு வேலிக்குள் படர ஆரம்பித்திருந்த செடியையும், அது நின்ற திட்டையும் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வீரபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் திட்டுக்குள் அவள் ஓட்டை போட்ட சிரட்டை இருக்கிறது. தோண்டினால் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான். ஆனால் தோண்டினால் செடி செத்துவிடும். செடி செத்தால் முற்றம் சாக்குக்காரருக்கு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் நிற்கிறாள்.

மாசி போனது. கொடி நீண்டு மஞ்சள் பூப் பூத்தது. ஒருநாள் இலைமேல் சாம்பல் கிடந்தது. விஷம் வைத்துவிட்டாள் என்று வீரபாண்டி ஒவ்வொரு இலையாகக் கழுவினான். அந்த வாரமே சிவப்பு வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கியது. வண்டை விரட்ட அதுதான் மருந்து என்று தெரிந்தபிறகு அவனே அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து தூவினான். அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டைக் கூப்பிடும் சத்தம்கூட வரவில்லை. அது அவனுக்குத் திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது. பிஞ்சுகள் விழுந்தது போக ஒன்று நின்றது. பருத்தது. பங்குனிக் கடைசியில் மஞ்சளானது.

விஷுவுக்கு முந்தின நாள் காலையில் பறித்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு செரளாயிக்கு நடந்தான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் சீனியம்மாள் பின்னால் வருகிறாள். சேலை முந்தானைக்குள் எதையோ பிடித்திருந்தாள். நகக் கண்ணில் மண். பறித்தபிறகு தோண்டியிருக்கிறாள். இனிமேல் செடி செத்தால் அவளுக்கு என்ன?

கம்மத்து கடையில் சாக்குக்காரரும் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வைத்த வெள்ளரிக்காயைக் கம்மத்து புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சாக்குக்காரர் சிரித்துக்கொண்டே, சந்தையில் இன்றைக்கு இது மலை மாதிரி குவிந்து கிடக்கிறதே என்றார். கம்மத்துக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று.

"பாண்டி, இதுல கள்ளம் ஏதாவது உண்டுன்னா இப்பவே சொல்லிடு. கள்ளம்னு தெரிஞ்சா உனக்கும் இல்ல, இவளுக்கும் இல்ல. முற்றம் இவருக்கு."

வீரபாண்டியின் வாயில் பதில் தயாராக இருந்தது. விதை என்னுடையது என்று. ஆனால் விதையைப் பற்றிப் பேசினால் நாற்றைப் பற்றிப் பேச வேண்டிவரும். முந்தானைக்குள் சிரட்டையின் விளிம்பு தெரிந்தது. சீனியம்மாள் கம்மத்தைப் பார்த்தாள், சாக்குக்காரரைப் பார்த்தாள். கடைசியாக, அந்த வெற்றிலை போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, கொழுந்தனின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் கணக்குப் போடுவது அவனுக்குத் தெரிந்தது. முழுதாகக் கெடுப்பதா, விடுவதா.

"கள்ளம் ஒண்ணும் இல்ல முதலாளி. நாத்து நாந்தான் குடுத்தேன். வளத்தது எங்க கொழுந்தன். அந்த முத்தத்துல காய்ச்சதுதான், நான் சாட்சி."

சாக்குக்காரர் எழுந்து போய்விட்டார். கம்மத்துக்கு வேறு வழி இல்லை. முற்றத்திலிருந்து சந்துக்குப் போகிற கதவின் சாவியை எடுத்து வீரபாண்டி கையில் கொடுத்தார். திரும்பும்போது இரண்டு பேரும் தெருவின் இரண்டு ஓரமாக நடந்தார்கள். வீரபாண்டிக்கு நன்றி சொல்ல வேண்டும்போல ஒரு நிமிஷம் தோன்றியது. அது என்னவோ சரியில்லை என்றும் தோன்றியது. யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். அவள் கொடுக்கவே மாட்டாள்.

மறுநாள் விஷு. வேலை இல்லாத நாள். சந்தையில் இஞ்சி வாங்கிச் சுரண்டி, சுண்ணாம்பில் முக்கி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாயை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். முற்றத்தின் நல்ல வெயில் விழுகிற பாதியில் புதுக்கயிற்றில் இரண்டு ஆடு கட்டியிருந்தது. கயிறு பாய் விரிக்கிற இடம் வரைக்கும் எட்டுகிற மாதிரி அளந்து கட்டியிருந்தாள்.

அவன் உள்ளே வந்து மதினியின் ஆட்டை அவிழ்க்கச் சொல்லு என்று மாயம்மாளிடம் கத்தினான். கத்திக்கொண்டே நிமிர்ந்தவன் பலகையைப் பார்த்தான். பலகையின் உச்சியில் அவள் ஓர் ஆணி அடித்திருந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. ஆணியில் அந்தச் சிரட்டை தொங்கியது. வெயில் காலம் வந்துவிட்டதால் கண்ணாடி ஓட்டு வெளிச்சம் மறுபடி இவன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் சிரட்டையின் அடியில் இருந்த ஓட்டை நன்றாகத் தெரிந்தது, அதற்குள் காய்ந்துபோன வேர் ஒன்றும்.

"கருப்பி," என்றாள் அந்தப் பக்கத்துப் பின்வாசலில் நின்று சீனியம்மாள், "இஞ்சி காரமா இருக்குதேன்னு விட்டுராத. நம்ம முத்தந்தான். பைய பையத் தின்னு."

வீரபாண்டி பாயைக் கக்கத்தில் இடுக்கினான். பிறகு வெயில் இல்லாத பாதியில் கொண்டுபோய் விரித்தான்.